திர்ஸாவின் வரிசை

எங்கள் ரமத் ஓரேன் ஒரு கிபுட்ஸ், எல்லாம் பொதுச்சொத்தாக இருந்த கூட்டுப்பண்ணை ஊர். அதன் இடுகாட்டு வாசலில் ஒரு விளம்பரப் பலகை நிற்கிறது. "முன்னோடிகளின் மண்ணில் உங்களுக்கும் ஓர் இடம்" என்று எபிரேயத்திலும் ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலும் எழுதியிருக்கிறார்கள். பின்னணியில் கில்போவா மலை, பச்சைப்பசேல் என்று. எங்கள் மலை வருடத்தில் முக்கால்வாசி நாள் கழுதை நிறத்தில்தான் கிடக்கும். அந்தப் பலகையைத் தாண்டித்தான் தினமும் வயலுக்கு வண்டியை ஓட்டிப் போகிறேன். தினமும் அதன்மேல் துப்பத் தோன்றுகிறது.

இங்கே குழி தோண்டுகிறவன் நான்தான், கெர்ஷோன். வயல் வேலைக்கு வைத்திருக்கும் பொக்லைன்தான் குழிக்கும். எங்கே தோண்டுவது என்று நாற்பது வருடத்துக்கு மேல் எனக்குச் சொல்லி வந்தவள் திர்ஸா. காலையில் மாட்டுக்கொட்டகையில் பால் கறப்பாள், சாயங்காலம் இடுகாட்டுக்கு வந்து களை பிடுங்குவாள். ஆள் குள்ளம், குரல் பெரிது. அவள் திட்டாத ஆள் இந்த ஊரில் கிடையாது, நான் உட்பட.

அவளுடைய சட்டம் ஒன்றே ஒன்று. செத்த வரிசையில் புதைக்க வேண்டும். நேற்றுச் செத்தவன் பக்கத்தில் இன்று செத்தவன். புருஷன் பக்கத்தில் பெண்டாட்டி, ஊரை நிறுவியவனுக்கு முன்வரிசை, மகனை ராணுவத்துக்குக் கொடுத்தவளுக்கு மரத்தடி, இந்தப் பேச்சே கூடாது. கல்லில் பெயரும் வருடமும் மட்டும். "உசிரோட இருந்தப்ப ஒரே தட்டு, ஒரே சட்டை. செத்தப்புறம் மட்டும் என்னடா தனிக் கௌரவம்?" என்பாள்.

சட்டம் போட்டவளையே அது முதலில் கடித்தது. அவள் புருஷன் ஸெலிக் செத்தபோது பக்கத்து இடத்தை அவளுக்காக விட்டுவைக்கலாம் என்று ஊரே சொன்னது. முடியாது என்றுவிட்டாள். மறு வாரமே கிரிஷா செத்தான். ஐம்பதுகளில் கட்சித் தகராறில் கிபுட்ஸ்கள் இரண்டாக உடைந்தபோது எதிர்ப்பக்கம் நின்றவன் இந்த கிரிஷா. அதிலிருந்து ஸெலிக்கும் அவனும் ஒரே சாப்பாட்டுக் கூடத்தில் முதுகைக் காட்டிக்கொண்டே சாப்பிட்டார்கள், ஒரு 'ஷாலோம்' கூடச் சொல்லிக்கொண்டதில்லை. அவனை ஸெலிக்குக்குப் பக்கத்தில் இறக்கினோம். மண் மூடிய பிறகு திர்ஸா, "இனியாவது பேசித் தொலைங்க ரெண்டு பேரும்" என்றாள். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் ஸெலிக்கின் கல்லைத் துடைக்கும்போது கிரிஷாவின் கல்லையும் சேர்த்துத் துடைப்பாள், முணுமுணுத்துக்கொண்டே.

இதெல்லாம் ஏன் என்று கேட்டால் அவள் அப்பாவின் கதைக்குப் போக வேண்டும். கடல் தாண்டி, செர்னோவிட்ஸ் நகரத்தில் அவருக்குத் துணிக்கடை. தீவிர சியோனிஸ்ட், யூதர்களெல்லாம் இந்த நாட்டுக்குத் திரும்ப வேண்டும் என்கிறவர். கூட்டத்துக்குத் தலைமை தாங்குவார், உண்டியலில் காசு போடுவார். தலையணைக்கடியில் ஒரு சின்னத் துணிப்பை, அதில் இந்த நாட்டு மண். வெளிநாட்டில் சாகும் யூதனின் குழியில் போடுவதற்கென்று வாங்கி வைப்பார்களே, அது. ஒரு தடவை குடும்பத்தோடு இங்கே வர அனுமதிச் சீட்டே கிடைத்தது. கடையை யாரிடம் விடுவது, பெண்ணின் பியானோ வகுப்பு என்ன ஆவது என்று அடுத்த வருடத்துக்குத் தள்ளினார். அந்த அடுத்த வருடம் வரவே இல்லை. உலகப் போர் வந்தது, ஊர் யூதர்களையெல்லாம் படைக்காரர்கள் பனியில் ஆற்றுக்கு அப்பால் துரத்திக்கொண்டு போனார்கள். வழியில் விழுந்தவர்களை ஒரே பள்ளத்தில் தள்ளினார்கள். அப்பாவும் அதில் போனார். பதினாலு வயதுப் பெண், அவர் சட்டைப்பையிலிருந்து அந்தத் துணிப்பையை மட்டும் எடுத்துக்கொண்டாள்.

போர் முடிந்து அவள் தனியாளாக ரமத் ஓரேனுக்கு வந்து சேர்ந்தாள். வந்த அன்றைக்கே மாட்டுக்கொட்டகை வாசலில் பையை அவிழ்த்து மண்ணைக் கொட்டி, காலால் தேய்த்து, மேலே துப்பினாளாம். ஸெலிக் பார்த்துக்கொண்டிருந்தான். அப்போதுதான் அவள்மேல் காதல் வந்தது என்று கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தான், பைத்தியக்காரன்.

"யூதன்னா யாரு தெரியுமா கெர்ஷோன்? காத்துக்கிட்டே இருக்கறவன்" என்பாள் என்னிடம். "ரெண்டாயிரம் வருஷமா காத்துக்கிட்டே இருந்தான். சியோனிசம்னா காத்துக்கிட்டு இருக்கறதை நிறுத்தறது. அவ்வளவுதான். அதுக்கு மேல ஒரு மண்ணாங்கட்டியும் இல்ல. முன்னெல்லாம் கிழடுங்க இங்க சாகறதுக்கு வந்துச்சுங்க. நாங்க வாழ வந்தோம். வித்தியாசம் புரியுதா மண்டைக்கு?"

பாஸ்கா பண்டிகை விருந்தில் கடைசியாக எல்லோரும் "அடுத்த வருஷம் எருசலேமில்" என்று சொல்லும் இடத்தில் அவள் மட்டும் வாயைத் திறக்க மாட்டாள். "வந்தாச்சு, இன்னும் என்ன அடுத்த வருஷம்? எழுந்து பாத்திரத்தைக் கழுவுங்க" என்பாள்.

அவளை ஒரேயடியாகத் தூக்கிவைத்தும் நான் பேச மாட்டேன். இடுகாட்டின் மேற்குக் கடைசியில் சப்பாத்திக்கள்ளி வேலி இருக்கிறது. அதற்கு அந்தப் பக்கம் எங்களுக்கு முன்னால் இங்கிருந்த அரபு ஊர்க்காரர்களின் கல்லறைகள், முள்ளுக்குள் புதைந்து கிடக்கின்றன. நாடு உருவான நாற்பத்தெட்டாம் வருடப் போரில் அந்த ஊர் காலியானது. திர்ஸா வேலி வரைக்கும் களை பிடுங்குவாள், அதைத் தாண்டி ஒரு புல்லைத் தொட மாட்டாள். "அவங்க வரிசை என்னாச்சு?" என்று ஒருமுறை கேட்டேன். "அதை என்கிட்ட கேக்காத" என்றாள். முகம் செத்துப்போயிருந்தது. வாழ வந்தோம், வாழ வந்தோம் என்று ஊரெல்லாம் முழங்குகிற வாய் அந்த வேலியருகே வந்தால் ஒட்டிக்கொள்ளும். எங்கள் எல்லோருக்கும் அப்படித்தான். 

பிறகு எங்கள் கிபுட்ஸும் மற்றவற்றைப் போலத் தனியார்மயமானது. மாடுகள் போயின. சாப்பாட்டுக் கூடம் கல்யாணத்துக்கு வாடகைக்குப் போனது. நிர்வாகியாக வந்தவன் நிம்ரோத், ஊரை நிறுவியவர்களில் ஒருவரின் பேரன். குழந்தையாக இருந்தபோது திர்ஸா கறந்த பாலைக் குடித்து வளர்ந்தவன். அவன் கண் இடுகாட்டில் விழுந்தது.

ஊர்க்கூட்டத்தில் திட்டத்தைச் சொன்னான். மேல்நிலம், அதாவது மலை தெரிகிற பழைய பகுதி, இனி வெளியாட்களுக்கு. ஊர்க்காரர்களுக்குக் கீழ்நிலம், கழிவுநீர்க் குட்டையை ஒட்டி.

"பாரிஸ்லயும் ஃப்ளோரிடாவுலயும் எவ்வளவு பேர் கேக்கறாங்க தெரியுமா?" என்றான். "சாதாரண இடுகாடு வேணாமாம், முன்னோடிங்க பக்கத்துல படுக்கணுமாம். அவங்களுக்கு இது ஒரு பெரிய உணர்வு."

திர்ஸா தன் பேட்டரி வண்டியில் உட்கார்ந்தபடியே கேட்டாள். "வாழறது மியாமியில, மக்கறது என் பக்கத்துலயா?"

கூட்டம் சிரித்தது. நிம்ரோத்தும் சிரித்தான். பல் வைத்தியரின் விளம்பரம் மாதிரி ஒரு சிரிப்பு அவனுக்கு.

"திர்ஸா, உன் காலம் வேற. எல்லாரும் இங்க வந்து மாடு மேய்ச்சாதான் சியோனிசமா? அங்க இருக்கறவன் காசு அனுப்பறான். பிள்ளைங்களைக் கோடை லீவுக்கு இங்க அனுப்பறான். நம்ம மேல குண்டு விழுந்தா அவன் அங்க தூங்காம கிடக்கறான். இந்த நாடு இல்லேன்னா நான் யாருங்கறான். அதுவும் சியோனிசம்தான். கடைசியில இந்த மண்ணுக்கே வரேங்கறவனை வேணாம்னு சொல்ல நீ யாரு?"

"நான் யாரா? உனக்கு மூக்கு ஒழுகினப்ப துடைச்சு விட்டவ. என் அப்பனும் அங்கேயே இருந்து காசு அனுப்பினாருடா. தூங்காமலும் கிடந்தாரு. எந்தப் பள்ளத்துல கிடக்கறாருன்னு எனக்கே தெரியாது."

 அப்புறம் வாக்கெடுப்பு. நிம்ரோத் ஜெயித்தான். முன்வரிசையில் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்த கிழங்களும் அவனுக்கே கை தூக்கின. முதியோர் செலவுக்குப் பணம் எங்கிருந்து வரும் என்று கேட்டுவிட்டானே. தூ! நான் வெளியே போய்த் துப்பினேன்.

அந்த மாதம்தான் இதய வைத்தியர் திர்ஸாவிடம் கையை விரித்தார். என்னை வரச்சொல்லி, தூள் அடியில் தங்கும் சேற்றுக் காப்பி கலந்து கொடுத்தாள். சர்க்கரை போட மறந்துவிட்டாள்.

"எனக்கு வேற எதுவும் வேணாம் கெர்ஷோன். ஸெலிக் பக்கத்துல வேணும்னு கேக்கல. மரத்தடி கேக்கல. வரிசையில என் முறை எங்க வருதோ அங்க போடு. அந்தக் குட்டை ஓரத்துல தனியா தூக்கிப் போட்டுடாத. எல்லாரையும் வரிசையில வச்சேன். நான் மட்டும் வரிசைக்கு வெளியில கிடக்கணுமா?"

வாழ்க்கையில் அவள் தனக்காகக் கேட்டது என்று ஒன்று இருந்தால் அது இதுதான். பார்க்கலாம் என்றேன். "பார்க்கலாமா? உன் மூஞ்சி!" என்று கோப்பையைப் பிடுங்கிக்கொண்டாள்.

மழைக்காலத்தில் ஃப்ளோரிடாவிலிருந்து முதல் சவப்பெட்டி வந்தது. ஸைமன் லுஸ்ட்கார்டன் என்று ஒரு மெத்தை வியாபாரி. தனக்கும் மனைவிக்கும் சேர்த்து இரண்டு இடம் பேசி முடித்திருந்தார். மேல்நிலத்தின் கடைசி வரிசையில், எங்கள் ஆள் கடைசியாகக் கிடந்த இடத்துக்கு அடுத்தே வேண்டும் என்று கேட்டிருந்தார். முன்னோடிகளோடு தோளோடு தோளாகவாம்.

திர்ஸா வண்டியை ஓட்டிக்கொண்டு நேராக நிம்ரோத்தின் அலுவலகத்துக்கே போய்விட்டாள். நானும் பின்னாலேயே ஓடினேன்.

"அது வரிசையில அடுத்த இடம்" என்றாள்.

"அதுதானே நானும் சொல்றேன்" என்றான் நிம்ரோத். "உன் சட்டம் என்ன? செத்த முறைப்படி. இந்த ஊர்ல கடைசியா செத்தவருக்கு அப்புறம் செத்தவரு யாரு? இவரு. நீ இன்னும் சாகலையே, திர்ஸா."

கன்னத்தில் அறைந்தது போல இருந்தது எனக்கு. சுவரில் அவன் தாத்தாவின் மண்வெட்டியை அலங்காரமாக மாட்டியிருந்தான். எடுத்து மண்டையில் போடலாமா என்று ஒரு கணம் தோன்றியது.

 திர்ஸா வாசலில் வண்டியைத் திருப்பிக்கொண்டே, "பொறுக்கி. ஆனா கணக்கு சரிதான்" என்றாள்.

அடக்கம் மத்தியானம் நடந்தது. மதச் சடங்குக்கென்று எங்களுக்கெல்லாம் ஆளுக்கொரு அட்டைத் தொப்பி கொடுத்தார்கள். ரமத் ஓரேனில் அடக்கத்துக்கு யாரும் தலையை மூடியதில்லை. நிம்ரோத் போட்டுக்கொண்டான், எல்லோரும் போட்டுக்கொண்டார்கள். காற்றில் பறந்த தொப்பிகளைப் பிடிக்கப் பாதிப் பேர் ஓடிக்கொண்டிருந்தார்கள். வந்திருந்த பிரமுகர் ஒருவர் பேசினார். "வாழ்நாள் முழுவதும் இந்த நாட்டை நெஞ்சில் சுமந்தவர்" என்றார். கேட்கச் சகிக்கவில்லை. நெஞ்சில் சுமப்பதற்கு என்ன கனமா இருக்கிறது?

பெட்டியை இறக்கியதும் மகன் முன்னால் வந்தான். ஐம்பது வயதிருக்கும், கண் சிவந்திருந்தது. கோட்டுப் பையிலிருந்து ஒரு சின்னத் துணிப்பையை எடுத்து அவிழ்த்து, அதிலிருந்த மண்ணைக் குழிக்குள் தூவினான். புனித பூமியின் மண். இங்கிருந்து விமானம் ஏறி ஃப்ளோரிடாவுக்குப் போய், மறுபடி விமானம் ஏறி வந்து, இங்கே எங்கள் மண்ணின் மேல் விழுகிறது! எனக்குச் சிரிப்பு வந்தது. பக்கத்தில் வண்டியின் கைப்பிடியைப் பிடித்திருந்த திர்ஸாவைப் பார்த்தேன். உதடு வெளுத்துப் போயிருந்தது.

எல்லோரும் கலைந்த பிறகு அவள் அந்த மகனைக் கூப்பிட்டாள். அவனுக்கு அரைகுறை எபிரேயம் தெரிந்திருந்தது.

"அந்தப் பையை உங்கப்பா எங்க வச்சிருந்தாரு?"

"தலையணைக்குக் கீழ" என்றான். "சின்ன வயசுலேர்ந்து பாத்திருக்கேன்."

"அவ்வளவு ஆசை இருந்தவரு உசிரோட ஏன் வரல?"

அவன் காலியான பையைக் கையில் சுருட்டினான். "ஒவ்வொரு வருஷமும் வரணும்னுதான் சொல்வாரு. முதல்ல கடை. அப்புறம் எங்க படிப்பு. அப்புறம் அம்மாவுக்கு முட்டிவலி. அடுத்த வருஷம், அடுத்த வருஷம்னு..."

திர்ஸா வாயில் வந்ததை எல்லாம் கொட்டப்போகிறாள் என்று காத்திருந்தேன். அவள் கையை நீட்டி அவன் கோட்டில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டிவிட்டாள். "போ. போய் ஏதாவது சாப்பிடு" என்றாள்.

அவன் போனதும் குழிப்பக்கம் பார்த்து ஆரம்பித்தாள். "முட்டாள். மடையன். மெத்தை விக்கற மடையன். தலையணைக்குக் கீழ வச்சிருந்தானாம்!" கன்னத்தில் கண்ணீர் வழிந்துகொண்டே இருந்தது, துடைக்கவில்லை. பிறகு என் பக்கம் திரும்பினாள். "அடுத்தது நான்தான் கெர்ஷோன். என்னை இவன் பக்கத்துலயே போடு."

"அது அவர் பெண்டாட்டிக்குன்னு பேசி வச்ச இடம் திர்ஸா."

"அவ செத்துட்டாளா?"

"இல்ல."

"அப்ப அது யாருக்கும் பேசி வச்ச இடம் இல்ல. என் அப்பனைத் திட்ட எனக்கு வாய்ப்பே கிடைக்கல. இவனையாவது பக்கத்துல படுத்துக்கிட்டுத் திட்டறேன்."

வாதுமை பூக்கிற நேரத்தில் அவள் போனாள், தூக்கத்திலேயே. நிம்ரோத் என்னைக் கூப்பிட்டுத் தலையைக் குனிந்துகொண்டே சொன்னான். "பெரிய இழப்பு. கீழ்நிலத்துல நல்ல இடமா பாத்துத் தோண்டு. குட்டை வாடை வராத பக்கமா."

சரி என்று சொன்னேன். விடிந்ததும் பொக்லைனை ஏற்றி மேல்நிலத்துக்கு ஓட்டினேன். லுஸ்ட்கார்டனுக்குப் பக்கத்தில் தோண்டினேன். ஈர மண், நன்றாக வழிவிட்டது. அங்கிருந்து மேற்கே பார்த்தால் கள்ளிவேலி இருபதடி கூட இருக்காது. இந்த வரிசை இன்னும் கொஞ்ச நாளில் அந்த வேலியில் போய் இடிக்கும், அப்போது என்ன செய்வோம் என்று அன்றைக்குத்தான் முதல்முறையாக யோசித்தேன்.

ஊர் சவப்பெட்டியோடு வந்தபோது குழி தயாராக இருந்தது. நிம்ரோத்தின் முகம் சுண்ணாம்பாகிவிட்டது. என் காதருகே வந்து பல்லைக் கடித்தான்.

"என்னடா பண்ணி வச்சிருக்க? அது வித்த இடம்!"

"செத்த முறைப்படி" என்றேன். "உன் வாயால சொன்னதுதான். கணக்கு சரியா?"

நூறு பேர் பார்த்துக்கொண்டிருக்கும்போது, திர்ஸாவின் பெட்டியை மறுபடி தூக்கச் சொல்ல அவனுக்குத் தைரியம் வரவில்லை. தாடையை இறுக்கிக்கொண்டு நின்றான். அன்று யாரும் அட்டைத் தொப்பி போடவில்லை. கல்லில் பெயரும் வருடமும் மட்டும் வெட்டினோம்.

கோடையில் லுஸ்ட்கார்டனின் விதவை வந்தாள். வெயிலுக்குப் பெரிய தொப்பி, கையில் ஊன்றுகோல், சுத்தமான பழைய எபிரேயம் பேசினாள். சின்ன வயதில் ஏதோ சியோனிசப் பள்ளியில் கற்றுக்கொண்டதாம். நிம்ரோத் அன்றைக்கென்று ஊரில் இல்லை. இப்படிப்பட்ட நாட்களில் அவன் இருக்க மாட்டான். புருஷனின் கல்லுக்கு முன்னால் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, பக்கத்துக் கல்லைப் பார்த்தாள்.

"இது என் இடமாச்சே. யாரு இவங்க?"

"அவருக்கு அடுத்து செத்தவ. இங்க வரிசை அப்படித்தான்."

கத்துவாள், வக்கீல் என்பாள் என்று எதிர்பார்த்தேன். அவள் திர்ஸாவின் பெயரை எழுத்துக்கூட்டிப் படித்தாள். "அப்ப நான் எங்க படுக்கறது?" என்று கேட்டாள், குழந்தை மாதிரி. எனக்கே பாவமாக இருந்தது. திர்ஸா இருந்தால் என்ன சொல்லியிருப்பாளோ அதை நான் சொன்னேன்.

"படுக்கறதைப் பத்தி இப்ப என்ன? நீ உசிரோடதானே இருக்க. இவ வீடு காலியாத்தான் கிடக்கு. வாசல்ல எலுமிச்சை மரம் காய்ச்சுக் கொட்டுது. வந்து இரு. மொழி தெரியுது, வேற என்ன வேணும்?"

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். கண்ணில் ஏதோ ஒன்று எழுந்தது, சத்தியமாகப் பார்த்தேன். எலுமிச்சை மரம் எந்தப் பக்கம் என்று கூடக் கேட்டாள். கை காட்டினேன். அந்தத் திசையில் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"வியாழக்கிழமை விமானம்" என்றாள். "பேத்திக்குக் கல்யாணம் வேற வருது. அடுத்த வருஷம் பாக்கலாம்."

பிறகு ஊன்றுகோலைக் கல்லில் சாய்த்து வைத்து, மெதுவாகக் குனிந்து, கைக்குட்டையை விரித்தாள். இரண்டு கல்லுக்கும் நடுவிலிருந்து, திர்ஸாவின் பக்கத்து மண்ணாகப் பார்த்து ஒரு பிடி அள்ளி முடிந்துகொண்டாள்.